அஞ்சாம் சில்லு

பேர்தான் சில்லு. உருளாது.
கெப்பின் பின்தட்டில் குந்தியிருந்து
இன்னொரு வண்டியின் கழுத்தைக் கவ்வும்.

மடத்தடிக் கராஜின் எண்ணெய் மண்ணில்
நவ்ஃபர் மூன்றை இறக்கி வைத்தான்.
பாரை மீனைச் செவிள் தூக்கிக் காட்டுகிறமாதிரி
ஒவ்வொன்றின் தாடையையும் திறந்து காட்டினான்.

என் கணக்கு இது:
பின்னேரம் நாலுக்கு ஜெனிற்றாவின் கொத்துரொட்டி வண்டியை
நிலாவெளிக் கரைக்கு இழுக்கவேண்டும்.
ராவு பதினொன்றுக்குத் திருப்பி இழுக்கவேண்டும்.
விடிய அதே கெப்பில் குச்சவெளி வெங்காயம்,
சில நாள் ஐஸ், சில நாள் மணல்.
ஆகவே கழற்றுவதுதான் தொழில்.
பூட்ட எவனாலும் ஏலும்.

முதலாவது அறுபத்தெட்டுக் கிலோ, ஒரே வார்ப்பு.
"மலைபோல நிக்கும் அக்கா."
நிற்கும். அதுதானே கரைச்சல்.
நாரியில் ஒரு தட்டு நழுவியதை
அவனுக்குச் சொல்லவில்லை.

இரண்டாவது, தலை வேறு கால் வேறாய்ப் பிரியும்.
இரண்டு தண்டவாளம் மட்டும் தட்டிலேயே தங்கும்.
மண்வெட்டி தடக்கும், மூட்டை கிழியும்.
போன பிறகும் போகாத ஆட்கள் உண்டல்லவா,
அந்த ரகம்.

"ஒட்டிவிட்டால் முடிஞ்சுது. ரெண்டு மணித்தியால வேலை"
என்று வெல்டிங் முகமூடியை எடுத்தேவிட்டான்.

மூதூரில் அந்த ஆவணி
டிராக்டர்ப் பெட்டியின் சில்லு சேற்றில் இறங்க
நாலு ஆம்பிளைகள் கொழுவி ஊசியை
சுத்தியலால், பிறகு கல்லால், பிறகு தூஷணத்தால் அடித்தார்கள்.
ஊசியும் துருவும் ஒரே பிறவியாய்ப் போயிருந்தது.
பெட்டியில் நெல், ஒரு தையல் மிசின்,
யாரோ நிலையிலிருந்து கழற்றி வந்த கதவு.
கதவைக் கழற்ற முடிந்திருக்கிறது, பாருங்கள்.
கிளிவெட்டி மட்டும் நடந்தோம்.

"ஒட்ட வேண்டாம்" என்றேன்.

அதற்குள் கோட்டைப் பக்கத்து மான் ஒன்று
மூன்றாவதின் அட்டைப்பெட்டியைத் தின்றுகொண்டிருந்தது,
உள்ளே இருந்த தாளோடு.
நவ்ஃபர் பிடுங்கியதில் மிஞ்சியது பாதி.
பூட்டும் முறை மானுக்குள் போய்விட்டது.
கழற்றும் முறை எங்களுக்கு.

அலுமினியம். முப்பத்தொரு கிலோ.
தட்டில் நாலு குழி, சிரட்டை வாயளவு,
மூடிபோட்டால் மணல்கூட இறங்காது.
நாலு காலுக்கும் நாலு பிடி, கால்வாசித் திருப்பு.

"நீ தள்ளி நில்."
"அக்கா, ஒருகை பிடிக்கட்டா?"
"ராவு பதினொன்றுக்கு நிலாவெளிக்கு வருவியா?"
தள்ளி நின்றான்.

கிளிப்பை உருவினேன். திருப்பினேன்.
மூன்றாவது கால் அடம்பிடித்தது,
உள்ளங்கையால் ஒரு தட்டு.
நெஞ்சோடு அணைத்துத் தூக்கி
பின்கதவு விளிம்பில் இளைப்பாற்றி
நிலத்தில் வைத்தேன்.
இரண்டு நிமிசமும் நாற்பது செக்கனும்.
நாரி ஒரு சொல் சொன்னது, இங்கே எழுத ஏலாது.

தட்டு வெறுமை.
ஒரு வெங்காயச் சருகு காற்றுக்குச் சுற்றியது,
எதிலும் தடக்காமல்.

விலை கேட்டபோது மான்கூட நிமிர்ந்து பார்த்தது.
சீட்டுக்காசு முழுக்க, மேலே ஜெனிற்றாவின் ஒரு காப்பு.
அவள் காப்பைக் கழற்றச் சவர்க்காரம் தேவைப்பட்டது.

இப்போது ராவு பதினொன்றே கால்,
சாம்பல்தீவுப் பாலம்.
பக்கத்தில் அவள் வாய்திறந்து நித்திரை.
பின்னால் கொத்துத் தகடுகள் ஒன்றோடொன்று கிணுகிணுக்கின்றன.
ஒவ்வொரு பள்ளத்திலும் என் முதுகு கேட்கிறது,
பிடித்திருக்கிறாயா?
பின்தட்டிலிருந்து இரும்பு சொல்கிறது,
டக்.