காற்புள்ளிக்குப் பின் ஆண்டு

பேர்ன். நூலகத்தில் மூடும் மணி அடித்தாயிற்று.
தாளின் ஓரத்தில் பேராசிரியரின் பென்சில்:
யார் சொன்னது? எந்த ஆண்டு?

"ஈரத்துணிக்கு ரெண்டு எடை.
தராசு ஒண்டைத்தான் காட்டும்."

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
வண்டியைத் தள்ளிக்கொண்டே அவர் சொன்னது.
ட்ராம் டிக்கெட்டின் பின்புறம் குறித்துக்கொண்டேன்.
பிறகு அதன்மேல்தான்
மூன்றாம் அத்தியாயம் முழுவதும் நிற்கிறது.

விதி எளியது:
குடும்பப் பெயர், காற்புள்ளி, ஆண்டு.
அவருக்கு இருப்பது ஒரே பெயர், தவமலர்.
வதிவிட அட்டையின் அந்தக் கட்டத்தில்
தகப்பன் பெயரை நிரப்பியிருக்கிறார்கள்.
எழுதிப் பார்த்தேன்:
(கந்தவனம், 2022).
சலவை இயந்திரத்தைக் கண்ணால் காணாத மனிதர்
என் அடைப்புக்குறிக்குள் வந்து
குந்திக்கொண்டார்.

தொலைபேசியில் கேட்டேன்.
"ஒரு பெயரும் போடாதேங்கோ.
மேலாளருக்கு வாசிக்கத் தெரியும்."

அழித்தேன்.
(சலவையாளர் 7, 2022).
எண்ணை யாரும் வேலையைவிட்டு நிறுத்த முடியாது.

ஒப்புதலுக்கு அந்தப் பக்கத்தை அனுப்பினேன்.
விடியற்காலை, வேலை முடிகிற நேரம்,
பதில் வந்தது:

"சரி.
ஆனால் மற்ற ஆறு பேரும் ஆர்?
எங்கட ஷிப்டில்
நாங்கள் மூண்டு பேர்தானே."