பசுவின் வயிற்றில் வடக்கு

ஃப்ரீஸ்லாந்தில் எங்கள் மேய்ச்சல் நிலம்
கடல் மட்டத்துக்கு ஒரு முழம் கீழே.
காற்று அடித்தால் வேலி சாயும்,
வேலி சாய்ந்தால் கம்பி உதிரும்.
பசு புல்லைப் பிரித்துப் பார்த்தா தின்னும்?
நாக்கைச் சுழற்றும், இழுக்கும், விழுங்கும்.
புல்லோடு ஆணி, ஆணியோடு துருக்கம்பி.

அதனால் ஒவ்வொரு கிடாரிக்கும்
ஒரு காந்தத்தை விழுங்கக் கொடுப்போம்.
என் நடுவிரல் நீளம், சோப்பு போல் வழவழப்பு.
தேனடை மாதிரி மடிப்பு விழுந்த
இரண்டாம் இரைப்பையில் போய் உட்கார்ந்துகொள்ளும்,
ஆயுசு முழுக்க.
இரும்பு வந்தால் இழுத்து அணைத்துக்கொள்ளும்,
இதயம் பக்கம் போக விடாது.
புல்லை அது சட்டை செய்வதே இல்லை.

சனிக்கிழமை ஆறு பசுக்கள் வந்தன,
பண்ணையை மூடிய ஹோய்ட்ஸ்மா வீட்டிலிருந்து.
எதற்குள் காந்தம் உண்டு, எதற்குள் இல்லை?
குறிப்பேடு தொலைந்துவிட்டதாம்.
"வயிற்றைத் திறந்தா பார்க்க முடியும்?"
என்றான் அண்ணன் ட்யீர்ட்.
என் பையில் பள்ளித் திசைகாட்டி இருந்தது.

இடது முன்னங்காலுக்குப் பின்னால் வைத்தேன்.
ஊசி திரும்பியது!
அடுத்ததற்கும் திரும்பியது. அதற்கடுத்ததற்கும்.
ஆறுக்கு ஆறு!
குதித்துவிட்டு அப்புறம்தான் பார்த்தேன்,
என் முதுகுக்குப் பின்னால் இரும்புக் கதவு.

வெட்ட வெளிக்கு ஓட்டிப் போனோம்.
மறுபடி வைத்தால் மறுபடி ஆட்டம்;
இந்த முறை குற்றவாளி ட்யீர்டின் பேனாக்கத்தி.
அவன் சட்டையின் பித்தளைப் பொத்தானையோ
அலுமினிய வாளியையோ
ஊசி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
கத்தி, ஊசியின் எந்த முனை அருகில் வந்தாலும்
வா வா என்று இழுத்தது.
பசு அப்படி இல்லை.
ஒரு முனையை வரவேற்று
மறு முனையை விரட்டியது.
இழுப்பதை இரும்பும் செய்யும்,
விரட்டக் காந்தத்துக்கு மட்டுமே தெரியும்.
தோல், கொழுப்பு, விலா எலும்பு
எதுவும் குறுக்கே நிற்கவில்லை.

ஐந்து பசுக்களுக்குள் வடக்கும் தெற்கும் இருந்தன.
ஆறாவது, ஔக்யா என்ற கறுப்பி.
அவள் பக்கத்தில் ஊசி அசையவே இல்லை,
தூரத்துக் கடலையே காட்டிக்கொண்டு நின்றது.
பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தான் ட்யீர்ட்.
தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.
காதை ஆட்டிவிட்டு மேயப் போனாள்.

அன்றிரவு திசைகாட்டியை
அந்தக் காந்தப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிட்டேன்,
மறதி.

திங்கள்கிழமை வகுப்பில் எல்லோர் ஊசியும்
கரும்பலகையைக் காட்டின.
என்னுடையது மட்டும், அதன் சிவப்பு முனையால்,
பின்வரிசை ஜன்னலைக் காட்டியது.
"உடைந்த சாமான்" என்று சிரித்தாள் பக்கத்து இருக்கை மார்யிட்.
உடையவில்லை.
தன்னைவிட வலியவர்களோடு
இரண்டு இரவு தங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.
சிவப்பு முனையின் மேல்
நீல மையால் சின்னதாகத் 'தெ' என்று எழுதினேன்.