மெலிந்த கட்டு

ஐம்பது சீட்டுக்கு ஒரு றப்பர் பான்ட்.
எங்கள் மேசையின் சட்டம் அவ்வளவுதான்.
யாழ்ப்பாணம், பள்ளிக்கூட மண்டபம், இரவு ஒன்றரை.
சீட்டுப் பறக்குமென்று மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள்.
முழங்கைக்குக் கீழே படிவம் ஈரமாகிறது.

பெரிய இரண்டு பேருக்கும்
கட்டுகள் செங்கல் போல ஏறுகின்றன.
மூன்றாம் தட்டில் பதினேழு.
பான்டை இரண்டு சுற்றுச் சுற்றினேன், நழுவியது.
"மூண்டாச் சுத்துங்கோ சேர்" என்றாள்
கச்சேரியிலிருந்து வந்த அனுஷ்யந்தி.
பகிடி இல்லை. அவளுக்கு நித்திரை.

பத்மலோஜினி நினைவுக்கு வந்தாள்.
சித்தப்பாவின் மகள்,
கொக்குவிலை விட்டு மிச்சிக்கன் போய் இருபத்தாறு வருசம்.
அங்கே தேர்தல் வந்த வருசம்
அட்டையும் பேனையுமாக
சுப்பர்மார்க்கெட் வாசலில் நின்றாளாம்.
மூன்றாம் ஆளின் பெயரைச் சீட்டில் ஏற்றவே
அங்கே ஆயிரக்கணக்கில் கையொப்பம் வேணும்.
"இஞ்ச கட்டுப்பணம் கட்டினாக் காணும்,
முப்பது நாப்பது பேர் நிப்பாங்கள்" என்றேன்.
"அதுதான் அண்ணை, உங்களுக்கு அருமை தெரியேல்லை."

அவளுடைய ஆள் தோற்றார்.
தோற்பார் என்று அவளுக்குத் தெரியும்.
தெரியாதது,
மகன் நிரூபன் சாப்பாட்டு மேசையில்
கரண்டிகளை அடுக்கிக் கணக்குக் காட்டுவான் என்பது.
இவர் தோற்ற வித்தியாசம் இந்த இரண்டு கரண்டி.
உங்கட ஆள் எடுத்தது இந்த மூன்று.
அப்ப அம்மா, மற்றவனைக் கொண்டுவந்தது ஆர்?

மூன்று கிழமை பேச்சில்லை வீட்டில்.
அவளுக்கு விடியல், எனக்குப் பின்னேரம்,
தொலைபேசியில் கேட்டாள்:
"என்ர வாக்கு அவையிட்டத்தான் போயிருக்கும் எண்டு
ஆர் இவனுக்குச் சொன்னது?
அந்த ஆள் நிண்டிராட்டி
நான் வீட்டில படுத்திருப்பன்."

வீட்டில் படுத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.
ஒரு கார்த்திகை.
வாக்குச்சாவடியில் மை பூசும் வேலை எனக்கு.
ஏழு மணிக்கே போத்தலைத் திறந்து வைத்தேன்.
ஒரு நகமும் வரவில்லை.
பத்து மணிக்கு ஓர் ஆடு எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.
போகாதே என்று சொல்லப்பட்டவர்கள் இருந்தார்கள்,
போக மனமில்லாதவர்களும் இருந்தார்கள்.
இருவரையும் பிரித்துப் போட எந்த மேசையிலும் தட்டில்லை.
அன்றைக்கு எங்கள் மூன்றாம் கட்சி
பூட்டிய படலை.
அதன் கணக்கை
இன்னமும் யாரோ கரண்டி அடுக்கி
எங்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

அவளுக்குச் சொன்னேன்,
இங்கே ஒன்று, இரண்டு, மூன்று என்று இலக்கம் போடலாம்,
உன் ஆள் விழுந்தால் உன் சீட்டு
அடுத்தவரிடம் நடந்து போகும் என்று.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"அப்ப உங்கட சனம் போடுறதோ?"
நான் மழையைப் பற்றிக் கதைத்தேன்.

மூன்று மணிக்கு உத்தரவு வந்தது.
நாட்டில் எவரும் பாதியைத் தாண்டவில்லை.
மெலிந்த கட்டுகளை அவிழ்.

அவிழ்த்தேன்.
புள்ளடி, புள்ளடி, புள்ளடி.
ஒற்றைப் புள்ளடிக்குப் பிறகு வெள்ளைத்தாள்.
நானும் அப்படித்தான் போட்டிருந்தேன்,
தபால் மூலம், ஒரே கோடு, நாக்கால் ஒட்டி.
பதினோராவது சீட்டில் இலக்கங்கள்.
ஒன்று, எங்கள் மெலிந்தவருக்கு.
இரண்டு, அவரிலும் மெலிந்த ஒருவருக்கு.
மூன்று, பெரியவர்களில் ஒருவருக்கு,
மூன்றின் வால் கட்டத்துக்கு வெளியே போய்
திரும்பி உள்ளே வந்திருந்தது,
எழுதிய கை ஒருமுறை நின்று யோசித்த மாதிரி.

அனுஷ்யந்தி பெயரை உரத்து வாசித்தாள்.
முகவர்கள் இருவரும் கழுத்தை நீட்டினார்கள்,
இரவு முழுக்க எங்கள் மேசைப் பக்கம்
திரும்பாத கழுத்துகள்.
சீட்டு கைமாறிச் செங்கலுக்குள் போனது.

மிச்சம் பதினாறு.
பான்ட் இப்போது நாலு சுற்று.