எண்ணி

முந்நூறு சொல்லில் இரங்கல் குறிப்பு வேண்டுமாம்,
வெள்ளிக்கிழமை மதியத்துக்குள்.
எட்மண்ட் ஹெஸ்லப். பொறியாளர்.
பன்னிரண்டு ஆண்டு துணைவேந்தர்.
சண்டர்லாந்தில் பிறந்தார், சண்டர்லாந்திலேயே
என்பதோடு நின்றுவிட்டது என் பேனா.

அவர் நடத்திய கூட்டங்களுக்குக் குறிப்பெடுத்தவள் நான்.
விவாதிக்கப்பட்டது, ஏற்கப்பட்டது, ஒத்திவைக்கப்பட்டது:
செயப்பாட்டு வினையில்தான் சம்பளம் வாங்கினேன்.
செய்தது யார் என்று அந்த வினை காட்டிக்கொடுக்காது.
அவருக்கு அது ஆகாது.
ஓரத்தில் பென்சிலால் எழுதித் திருப்பி அனுப்புவார்,
ஒரே சொல்:
யார்?

அப்பா கப்பல் பட்டறையில் ஆணி அறைந்தவர்.
வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்களாம்,
கோபத்தால் இல்லை, அப்பாவுக்குக் காது போயிருந்தது.
பதினாறில் பயிற்சித் தொழிலாளி,
இரவில் கல்லூரி, ஈரக் கோட்டோடு கடைசி வரிசை.
அதிர்வுதான் அவர் பாடம்.
கண்ணுக்குத் தெரியாமல் ஆடுவது எப்போது உடையும்
என்ற ஒரே கேள்விக்கு
நாற்பது ஆண்டு கொடுத்தார்.

எழுபத்தொன்றில் வியர் ஆற்றங்கரையில்
ஒரு பளுதூக்கியின் கை முறிந்து விழுந்தது.
கணக்குப் போட்டவர் அவர்.
ஸ்டான்லி பர்விஸ் என்பவருக்கு இடது கை போனது.
விசாரணையில் வழக்கறிஞர் எழுதிக்கொடுத்த வாக்கியம்:
"கணக்கில் பிழை நேர்ந்துவிட்டது."
அதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு எழுந்து
"பிழை செய்தது நான்" என்றாராம்.
எனக்கு இதைச் சொன்னவர் பர்விஸ்தான்,
ஒரு பட்டமளிப்பு விழாவில்,
ஒற்றைக் கையில் தேநீரும் பிஸ்கட்டும் சேர்த்துப் பிடித்தபடி.
மன்னித்தீர்களா என்று கேட்டேன்.
"அதெல்லாம் இல்லை. வருவார், டாமினோ ஆடுவோம்" என்றார்.

ஆய்வகத்தின் அடித்தளத்தில் ஓர் இயந்திரம் இருந்தது.
விரல் தடிமனில் ஓர் உருக்குத் தண்டை
நொடிக்கு முப்பது முறை வளைத்து நிமிர்த்தும்.
பக்கத்தில் ஒரு பித்தளை எண்ணி,
உடையும்வரை எண்ணவேண்டியது.
தண்டு உடையவில்லை. பதினேழு ஆண்டு.
நிதிக் கூட்டம் நீண்ட நாள்களில்
அவர் அங்கே இறங்கிப் போய் நிற்பார்.
தேடிப் போனால், இரைச்சலுக்கு மேலே கத்துவார்:
"இங்கே ஒருவராவது உண்மை பேசுகிறார்!"

தொண்ணூற்றொன்பதில் பணம் இல்லை.
எந்தத் துறையை மூடுவது?
ஏழு கை இந்தப் பக்கம், ஏழு கை அந்தப் பக்கம்.
தலைவர் வாக்கு ஒன்றுதான் மிச்சம்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
மறுபடி துடைத்தார்.
தான் தொடங்கிய துறைக்கு எதிராகக் கை தூக்கினார்.

அன்றிரவு அவருக்காக நான் கொஞ்சம் பொய் சொன்னேன்.
"இயந்திரவியல் துறையை மூட முடிவெடுக்கப்பட்டது."
காலையில் தாள் திரும்பி வந்தது.
ஓரத்தில் யார்?
அதற்குக் கீழே, அதே பென்சிலில்:
நான்.

இயந்திரத்தை நிறுத்தவும் அவரே போனார்.
எண்ணியில் ஆயிரத்து அறுநூறு கோடிக்கு மேல் ஒரு எண்.
அதைச் சட்டைக் கையில் எழுதிக்கொண்டார், காகிதம் கொண்டுபோக மறந்து.
சத்தம் நின்றதும்
பக்கத்து அறையில் தட்டச்சு செய்தவர்கள்
என்ன ஆயிற்று என்று ஓடி வந்தார்கள்.
தண்டு அவர் மேசைக்கு வந்தது, தாள்கள் பறக்காமலிருக்க.
உள்ளே விரிசல் இருக்குமா, நுண்ணோக்கியில் பார்க்கலாமா
என்று பலர் கேட்டார்கள்.
"பாருங்கள்" என்பார்.
ஒருவரும் பார்க்கவில்லை.

முந்நூறு சொல்லையும் எழுதி அனுப்பினேன்.
"தான் தொடங்கிய துறையைத் தானே மூடினார்"
என்ற வரியும் அதில் இருந்தது.
செய்தித் தொடர்பு அலுவலகம் திருத்தி அனுப்பியிருக்கிறது:
"அவர் காலத்தில் சில துறைகள் மறுசீரமைக்கப்பட்டன."

பென்சில் எடுத்தேன்.
ஓரத்தில் ஒரே சொல் எழுதித் திருப்பி அனுப்பினேன்.
வெள்ளிக்கிழமை மதியம் தாண்டிவிட்டது.
பதில் இன்னும் வரவில்லை.