முன்னுக்குச் சாய்தல்

கொழும்பில் மூடிப்போன ஒரு கடைத்தொகுதிக்குள்
காவலாளிகள் ஏறித் திரிந்தவை.
நாலையும் விலைபேசி லொறியில் கொண்டுவந்தார்
ஹில்மி நானா.
இரண்டு ஓடும்.
ஒன்று, மனம் வந்தால் ஓடும். அது எனக்கு.
நாலாவது, மற்ற மூன்றுக்கும் உதிரிப்பாகம்.

"முன்னுக்குச் சாய்ந்தால் போகும்.
பின்னுக்குச் சாய்ந்தால் நிற்கும்.
காலைப் பார்க்க வேண்டாம்,
போகிற இடத்தைப் பாருங்கள்."
காந்திப் பூங்காவின் ஓரம் நின்று
இதை மூன்று பாசையில் சொல்லுவேன்.
கழுத்து அட்டையில் ஜெனிற்றா என்று இருக்கவேண்டும்,
ஜெனிட்டா என்று இருக்கிறது.

இன்றைக்கு ஒல்லாந்திலிருந்து இரண்டு பேர்.
அவர் ஹென்றிக். அவ மரைக்கே.
ஹில்மி நானாவின் பற்றுச்சீட்டில்
மரைக்கார்.

நாலு மணி வாவிக்குத் தகரத்தின் நிறம்.
மீன் பாடுமாமே, எங்கே என்று கேட்கிறா.
முழுநிலவு வேண்டும், தோணி வேண்டும்,
தண்ணீருக்குள் விட்ட துடுப்பின் மறுமுனையில்
காதை வைக்கவேண்டும் என்கிறேன்.
நான் கேட்டதில்லை என்பதைச் சொல்வதில்லை.

கோட்டை.
"போர்த்துக்கேயர் கட்டினார்கள்.
உங்கள் ஆட்கள் பிடித்தார்கள்.
பிறகு ஆங்கிலேயர். இப்போது கச்சேரி."
சிரிப்பதற்கென்று இவ்விடத்தில்
ஒரு மூச்சு இடைவெளி விடுவேன்.
ஹென்றிக் சிரிக்கவில்லை. மன்னிக்கவும் என்றார்,
சுவரைப் பார்த்து.
பீரங்கியின் வாய்க்குள் யாரோ
யோகட் கோப்பையைச் செருகியிருந்தார்கள்.

இந்த மெசினில் ஏறினால்
ஒரு சாண் உயரம் கூடும்.
அந்த உயரத்திலிருந்துதான் பார்த்தேன்,
படியிலிருந்து வாசல்வரை நின்ற வரிசையை.
தலைகள், குடைகள், மடியோடு அணைத்த கோப்புகள்.
நடுவில் எங்கள் ஒழுங்கையின் விமலேஸ் அக்கா.
அவவின் நீலக் கோப்பு எனக்குத் தெரியும்.
மேலே இருப்பது கடவுச்சீட்டு அளவுப் படம்,
மீசை இப்போதுதான் அரும்பின முகம்.
என்னை விட நாலு வயது மூப்பு அப்போது.
இப்போது நான் அவனை விட
எவ்வளவோ மூப்பு.

கோப்பைத் தூக்கி எனக்குக் காட்டினா,
பஸ்ஸை மறிக்கிற மாதிரி.
நான் ஒரு கையை விட்டேன்.
சில்லு ஆடியது.

"எதற்காக நிற்கிறார்கள்?"
"காணி உறுதிக்கு" என்றேன்.
பொய்யில்லை. முன்னால் நின்ற ஆறேழு பேர்
காணிக்குத்தான் வந்திருப்பார்கள்.
முன்னுக்குச் சாய்ந்தேன்.

மணிக்கூட்டுக் கோபுரம். பேராலயம்.
ஒரு நாய் துரத்தியது, பின் மனம் மாறியது.
கல்லடிப் பழைய இரும்புப் பாலத்தின் நடுவில்
என்னுடையது செத்துப்போனது.

உயிர் போனால் இதற்குத் தன்னில் நிற்கத் தெரியாது.
குடித்தவன்போல் தோளில் சரியும்.
நாற்பத்தேழு கிலோ.
தூண்டில் போட்டிருந்தவர் திரும்பாமலே கேட்டார்:
"என்ன மனே, புல்லுக் காட்டல்லியா?"

முன்னே போய்விட்ட இருவரும்
பின்னுக்குச் சாய்ந்து, நின்று,
ஒருவரோடொருவர் முட்டி, வளைந்து வந்தார்கள்.
ஹென்றிக் ஒரு பக்கம் பிடித்தார்.
மரைக்கே தன்னுடையதைக் கைப்பிடியால்
சைக்கிள்போல் உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தா.
சப்பாத்தைக் கழற்றியிருந்தா. இரும்பு சுட்டது,
சொல்லவில்லை.

மூன்று பேரும் ஒரே உயரம் இப்போது.
பாலம் முடிய முதல் அவ திரும்பக் கேட்டா,
அந்த வரிசை எதற்கு என்று.

மூன்று பாசையிலும் அதற்கு நான்
எதுவும் பாடமாக்கி வைத்திருக்கவில்லை.
தமிழில் தொடங்கிவிட்டேன் போல.
"விமலேஸ் அக்காவுக்கு ஒரு தம்பி" என்று.
பிறகுதான் ஞாபகம் வந்து
ஆங்கிலத்துக்கு மாறினேன்.
அவ மாறச் சொல்லவில்லை.

போன் அடித்தது. ஹில்மி நானா.
"மெசினுக்கு ஒண்டும் இல்லயே புள்ள?
மரைக்கார் விழல்லியே?"

இல்லை நானா,
நடந்து வாறம்.