இருட்டு ஒட்டுகிறவன்

ஜன்னலுக்கு அலுமினியத் தாள் ஒட்டுகிறேன்.
மீன் சுடுவதற்கு வாங்கி வைத்த சுருள்.
பளபளப்புப் பக்கம் வெளியே இருக்கட்டும்,
வெயில் தன் முகத்தைத் தானே பார்த்துக்கொள்ளட்டும்
என்று சொல்லிவிட்டு மாரிட் கிளம்பிப் போனாள்.
மீன் தொழிற்சாலையில் இரவு வேலை.
ஆறு மணிக்குத்தான் வருவாள்.

மணி ஏழரை.
வார்டோ தீவில் சூரியன் கடைசியாக மறைந்து
ஒரு மாதம் ஆகிறது.
இனி ஜூலைக் கடைசியில்தான் கடலில் இறங்கும்.
பதினான்கு மாத யூருனுக்கு
இரவென்றால் என்னவென்று நான் பழக்க வேண்டும்,
காட்டுவதற்குக் கையில்
ஒரு துண்டு இரவுகூட இல்லாமல்.

ஜனவரியில் நிறைய இருந்தது.
அப்போது மட்டும் தூங்கினாளா?
காலை எங்கே என்று கேட்பதுபோல்
கருப்பு ஜன்னலைத் தட்டித் தட்டி அழுதாள்.

சுகாதார நிலையத்துத் தாதி ஹெல்வி
எடை பார்த்துக்கொண்டே சொன்னாள்:
குழந்தைக்குக் கடிகாரம் தெரியாது.
வரிசை தெரியும்.
தினமும் அதே வரிசை.
கண் செருகும்போதே தொட்டிலில் விடு,
தூங்கின பிறகு அல்ல.
பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்.
மூன்று நாளுக்கொருமுறை
கதவுப் பக்கம் ஓர் அடி நகர்த்து.

குளியல். பால். இருக்கிற ஆறு பல்லுக்கும் தூரிகை.
பிறகு மண்வாரி இயந்திரத்தின் படப்புத்தகம்.
கடைசிப் பக்கத்தை அவளே தின்றுவிட்டதால்
எங்கள் கதையில் மஞ்சள் மண்வாரி
பள்ளத்தைவிட்டு ஏறுவதே இல்லை.
அந்த முடிவில் அவளுக்குப் புகார் எதுவுமில்லை.

முதல் நாள் நாற்பது நிமிடம் அழுதாள்.
என் கை அவள் முதுகில்,
என் கண் சுவர்ப்பலகையின் கணுக்களில்.
எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு.
தாளின் ஓரம் எங்கோ தூக்கிக்கொண்டு
ஊசிபோல் ஒரு வெளிச்சம் உள்ளே வந்தது.
அழுகையை நிறுத்தி, விரலை நீட்டி,
"தா" என்றாள்.
எழுந்து போய் அதையும் ஒட்டினேன்.
திரும்பி வந்தபோது
ஏதோ திருட்டு செய்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

நான்காம் நாள் நாற்காலி அலமாரியருகே.
ஏழாம் நாள் அறை நடுவே.
தரையில் இடத்துக்கு இடம் நாடா ஒட்டியிருந்தேன்,
கப்பல் வரும் வழியைக் குறிப்பதுபோல.
ஒன்பதாம் நாள் ஏழாவது பல் முளைத்தது.
காய்ச்சல். இரவெல்லாம் தோளில்.
நாற்காலி தொட்டிலருகே திரும்பி வந்தது.
காலையில் மாரிட் நாடாக்களைப் பார்த்தாள்.
ஒன்றும் கேட்கவில்லை. காபி போட்டாள்.

இன்று நாற்காலி கதவுக்கு வெளியே.
உள்ளே அவள் யாரிடமோ பேசுகிறாள்,
மண்வாரியிடமாக இருக்கலாம்.
பிறகு கட்டைவிரல் உறிஞ்சும் சத்தம்.
பிறகு கடற்காகங்கள் மட்டும்.
அவற்றுக்கு எந்தத் தாதியும் எதுவும் சொல்லவில்லை.

காலுறையோடு வெளியே வந்தேன்.
மணி பத்தரை, நல்ல வெயில்.
பக்கத்து வீட்டு ஓட்மார்
படகுக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தார்.
புருவத்தால் கேட்டார். தலையசைத்தேன்.
வானொலியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு
இன்னொரு தூரிகையை நீட்டினார்.
நள்ளிரவு வரை
படகின் விலாவில் விழுந்த என் நிழலின் மேலேயே
நீலம் பூசிக்கொண்டிருந்தேன்.
தூக்கம் வரவில்லை.
என்னை யாரும் வரிசைப்படுத்தவில்லை.

ஆறு மணிக்கு மாரிட் வந்தாள்,
தலைமுடியில் காட் மீன் வாசனையோடு.
வீட்டில் இருட்டு இருப்பது அந்த ஓர் அறையில்தான்.
மேலங்கியைக்கூடக் கழற்றாமல்
அங்கேயே தரையில் சாய்ந்தாள்.
அப்போதுதான் விழித்த யூருனை இறக்கிவிட்டேன்.
தள்ளாடிப் போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து
அம்மாவின் மார்பில் வைத்தாள்,
தலைகீழாக.
பிறகு திரும்பிப் பார்க்காமல்
கஞ்சிக்காகச் சமையலறைக்கு நடந்தாள்.

நாற்காலியைக் கையில் எடுத்தேன்.
எங்கே போடுவதென்று தெரியவில்லை.