ஒரு கல்லுக்கு ஒரு சென்ட்

சியூ ஃபால்ஸ். பிப்ரவரி. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தொன்று.
நெடுஞ்சாலை ஓட்டலின் இரண்டாம் எண் கூடத்தில்
ஹாலோ பிளாக் உற்பத்தியாளர்கள் பதின்மூன்று பேர்.
குறிப்பெடுப்பவள் நான்.
எனக்கு வாக்கு இல்லை.

பொருள் ஒன்று: இருபத்தைந்து ஆண்டுத் திட்டம்.
அறையின் சராசரி வயது அறுபத்திரண்டு என்று
தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு
அடித்துவிட்டேன்.

மினியாபொலிஸ் ஆலோசகர் லெலண்ட் ஸ்ட்ரூபி
திரையில் ஒரு வகுப்பறைப் படம் காட்டினார்.
"நீங்கள் வசப்படுத்த வேண்டிய கட்டடக் கலைஞருக்கு
இன்று வயது ஒன்பது.
ஒரு பல் ஆடிக்கொண்டிருக்கும்.
அவள் கல்லூரிக்குப் போகும் நாளில்
கல் சுவருக்குக் கணக்குப் போடச் சொல்லித்தர
அங்கே ஒரு பேராசிரியர் வேண்டும்.
அவருக்கு யார் படியளப்பது?"

யாரும் பேசவில்லை.
சுவர் பேசியது:
"பி ஏழு."

பக்கத்துக் கூடத்தில் பிங்கோ.
சுவருக்குக் காது உண்டு என்பார்கள்.
இதற்கு வாயும் இருந்தது.

தீர்மானம்: விற்கும் கல் ஒவ்வொன்றுக்கும்
ஒரு சென்ட், பொது நிதிக்கு.
தரையில் கிடந்தால் யாரும் குனிந்தெடுக்காத காசு.
டுவேன் கெல்ஸ்டாட் சொன்னார்:
"மரக்காரர்கள் ஒரு தலைமுறையாக இதைத்தான் செய்கிறார்கள்.
நாம் காலண்டர் அச்சடித்துக் கொடுத்தோம்."

கெர்டா ட்வெய்ட் எழுந்தாள்.
"ஆண்டுக்குப் பன்னிரண்டு லட்சம் கல் போடுகிறேன்.
உங்கள் ஒரு சென்ட்
என் மிக்சரின் கியர்பாக்ஸ்.
போன கோடையில் கொத்தனார் கிடைக்காமல்
மூன்று வேலை கைநழுவியது.
முப்பத்தாறு பவுண்டு கல்லைத் தூக்க இன்றைக்கு ஆளில்லை,
நீங்கள் பல் ஆடுகிற பிள்ளைக்குக் காத்திருக்கிறீர்கள்."

"ஜி ஐம்பத்திரண்டு," என்றது சுவர்
ஆமோதிப்பது போல.

கை தூக்கினார்கள். ஆறுக்கு ஆறு.
கெர்டா காபிக் குடுவையின் பக்கம் திரும்பி நின்றாள்,
கோப்பை இன்னும் காலி.
அந்த நேரம் பார்த்து அங்கே யாருக்கோ ஜாக்பாட்.
கூச்சல், நாற்காலி இழுபடும் சத்தம்,
ஒரு பெண் அழுதுகொண்டே சிரிப்பது
இரண்டாம் எண் கூடம் முழுக்கக் கேட்டது.

கெர்டா விரல் முட்டியால் சுவரைத் தட்டினாள்.
டொக்.
இரண்டு வெற்றிடங்களைச் சுற்றிச் சிமெண்ட் வார்த்து
வயிறு வளர்ப்பவள். வெற்றிடத்தின் ஒலி அவளுக்குத் தெரியும்.
இது அது இல்லை.
"அரை அங்குல ஜிப்சம்," என்றாள்.
"இந்த ஓட்டலைக் கட்டும்போது
நாலு மைலில் என் ஆலை இருந்தது.
விலைகூட யாரும் கேட்கவில்லை."

இன்னொரு முறை தட்டினாள், மெதுவாக,
உள்ளே ஆள் இருக்கிறதா என்று பார்ப்பது போல.
"கேட்க வேண்டாம் என்று யாரும் முடிவெடுக்கவும் இல்லை.
அவர்களுக்குத் தோன்றவே இல்லை.
தோன்றாமல் இருக்க
எங்கோ ஓர் அறையில், எப்போதோ,
யாரோ கை தூக்கியிருக்கிறார்கள்."

ஸ்ட்ரூபி தலையாட்டத் தொடங்கினார்.
"அரை சென்ட்," என்றாள் கெர்டா.
"அதற்கு மேல் ஒரு பைசா கிடையாது."

அந்த அரை சென்ட்டுக்கு நாற்பது நிமிடச் சண்டை.
கடைசியில் எட்டுக்கு ஐந்து.
கூட வாடகையில் பாதி தள்ளுபடி கேட்டோம், சத்தத்துக்காக.
தரவில்லை.

இரவு தட்டச்சு செய்யும்போது பார்த்தேன்:
"முதலாண்டு நிதி மதிப்பீடு" என்ற வரிக்கு நேராக
என் கையெழுத்தில் "ஓ அறுபத்தாறு".
அப்படியே விட்டேன்.
மே மாதக் கூட்டத்தில் குறிப்பு
வாசித்ததாகக் கொள்ளப்பட்டு
ஒருமனதாக ஏற்கப்பட்டது.

முதல் காசோலை கெர்டாவுடையது.
மார்ச் மாதம், நாற்பத்தோராயிரத்து முந்நூற்றுப் பதினெட்டுக் கல்,
இருநூற்றாறு டாலர் ஐம்பத்தொன்பது சென்ட்.
கீழே, 'விவரம்' எழுதும் கோட்டில்,
பேனா அழுந்தி:

பல் விழுந்ததா?